ஹெட் ஸ்டட் ஓரத்தில் கூலண்ட் கசிவு: ஹெட்டைக் கழற்றாமல் வழி உண்டா?

ஊதுகுழல்

எல்லோருக்கும் வணக்கம். நாலு சிலிண்டர் பக்க வால்வு எஞ்சின், அதாவது வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கில் இருக்கும் வகை. பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் பகுதி), ஹெட் (அதன் மேல் மூடி) இரண்டுமே வார்ப்பிரும்பு. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எப்போதோ ஹெட்டை இறக்கி ஏற்றியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் என்ன கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) போட்டார், மரையில் ஏதாவது தடவினாரா என்று கேட்க ஆள் இல்லை. இதுநாள் வரை வெறும் தண்ணீரில்தான் ஓடியிருக்கிறது. சமீபத்தில் உள்ளே இருந்த துருவையெல்லாம் அலசித் தள்ளிவிட்டு, கிளைகால் கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பம்.

ஹெட்டைப் பிளாக்கோடு பிடித்து வைக்கும் மரைக்கம்பிகளான ஸ்டட்டுகளில், இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் ஒரு ஸ்டட், பின்கோடியில் ஒரு ஸ்டட். இரண்டிலும் நட்டுக்கு அடியில் பச்சையாகக் கசிகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது பொருக்குத் தட்டிக் காய்ந்து கிடக்கும். சூடேறினால் முத்து முத்தாக நிற்கும். ஆயில் சுத்தமாக இருக்கிறது, ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, புகையிலும் வெள்ளை இல்லை. கையேட்டில் உள்ள அளவுக்கு நட்டை டார்க் (முறுக்கு விசை) வைத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ஹெட்டை இறக்காமல் இதற்கு வழி உண்டா?

கிரீஸ்கை

பாஸ், இதுக்குப் போயி ஹெட்டா? ரேடியேட்டர்ல ஊத்துற லீக் அடைப்பான் ஒரு டப்பா ஊத்துங்க. அதுலயும் நிக்கலன்னா நட்டைக் கழட்டி, அடியில செம்பு வாஷர் போட்டு, சுத்திக் கொஞ்சம் சிலிக்கோன் தடவி இறுக்குங்க. நம்ம வண்டி அப்படித்தான் ரொம்ப நாளா ஓடுது, ஒரு சொட்டு வெளிய வரல.

லேத்துக்காரர்

ஊதுகுழல் தம்பி, முதலில் அந்த டார்க் ரெஞ்சைக் கீழே வையுங்கள். இது இறுக்கினால் நிற்கிற கசிவு இல்லை. மேலும் இறுக்கினால் ஸ்டட் இழுபடும், இல்லையென்றால் பிளாக்கில் உள்ள மரை பிடுங்கிக்கொண்டு வரும்.

தண்ணீர் வெளியே தெரிகிற இடம் நட். உள்ளே நுழைகிற இடம் அது இல்லை. பழைய எஞ்சின்கள் பலவற்றில் ஸ்டட் இறங்கும் துளை, பிளாக்கின் மேல்தட்டைத் தாண்டி நேராக வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைக்குள்) திறந்திருக்கும். 1932-ல் வந்த ஃபோர்டு பிளாட்ஹெட் வி8 அப்படித்தான். 1955-ல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக்கிலும் ஹெட் போல்ட்டுகளின் நுனி தண்ணீருக்குள்தான் நிற்கும். இப்படிப்பட்ட துளையில் மரைதான் ஒரே தடுப்பு. மரைக்கும் மரைக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகத் தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறும். ஏறி, ஹெட்டில் ஸ்டட்டைச் சுற்றியிருக்கிற இடைவெளியை நிரப்பி, கடைசியில் நட்டுக்கு அடியில் எட்டிப் பார்க்கும்.

வெறும் தண்ணீரில் ஓடியபோது அந்த இடுக்கைத் துருவே அடைத்து வைத்திருந்திருக்கும். நீங்கள் அலசியதில் அது போய்விட்டது. கிளைகால் கலந்த நீர் வெறும் நீரைவிட எளிதாக இடுக்குகளில் பரவும். கூலண்டைக் குறை சொல்லாதீர்கள், அது இருந்த ஓட்டையைக் காட்டிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கிரீஸ்கை சொன்ன வாஷர் வைத்தியத்தில் சொட்டு நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் மேலே மூடியைப் போட்டுவிட்டால் தண்ணீர் ஸ்டட்டின் இடுப்பைச் சுற்றியே தேங்கி நிற்கும். வெளியே எல்லாம் காய்ந்து அழகாக இருக்கும், உள்ளே ஸ்டட் மெலிந்துகொண்டே வரும். ஒருநாள் கழற்றப்போகும்போது பிளாக் மட்டத்தில் முறியும். நட்டுக்கு அடியில் மெத்தென்று எதை வைத்தாலும் சூட்டில் அது அமுங்கி, ஸ்டட்டின் இழுவையும் குறையும். அடைக்க வேண்டியது அடிமரையில்.

கிரீஸ்கை

அண்ணே, லீக் அடைப்பான்ல என்ன தப்பு? அதுவும் அடியிலதானே போய் அடைக்குது?

லேத்துக்காரர்

அது எங்கே அடைக்கும் என்று அதற்கே தெரியாது. அவற்றில் ஒரு வகை சோடியம் சிலிகேட். சூடான இடத்தில் கண்ணாடிபோல இறுகும். பலவற்றை ஊற்றுவதற்கு முன்னால் கிளைகால் முழுவதையும் வடிக்க வேண்டும், இல்லையென்றால் கூழாகிவிடும். இன்னொரு வகை நார், துகள் கலந்தது. துருவால் பாதி அடைபட்ட பழைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள்தான் அதற்கு முதலில் கிடைக்கும். வழியில் நின்றுபோய் வீடு சேர வேண்டுமென்றால் ஊற்றலாம்.

டீசல்வாசம்

பிரிப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி. ரேடியேட்டர் மூடி என்ன அழுத்தத்துக்கானது? சிஸ்டத்தை பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா?

கை பம்ப்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி, ஆறிய எஞ்சினில், மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். அதற்கு மேல் ஏற்றக்கூடாது, பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுவிடும். ஆறிய நிலையிலேயே கசிந்தால் வழி எப்போதும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். சூட்டில் மட்டும் கசிந்தால் விரிவில் ஏதோ திறக்கிறது. கேஸ் உள்ளே புகவில்லை என்பதற்குக் குமிழி வராததை மட்டும் நம்பாதீர்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் இருக்கிறதே, கரியமில வாயு பட்டால் நிறம் மாறுமே, அதையும் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஊதுகுழல்

மூடி இப்போது 0.9 பார். முதலில் இருந்தது அழுத்தம் தாங்காத சாதாரண மூடி. ஓவர்ஹீட் ஆகாமல் இருக்கட்டும் என்று புதிதாகப் போட்டேன். நீலத் திரவம் நிறம் மாறவில்லை. ஆறிய எஞ்சினில் அழுத்தம் ஏற்றிப் பார்த்ததில் நடு ஸ்டட் உடனே நனைகிறது. பின்கோடி ஸ்டட் வெகுநேரம் காய்ந்தே இருந்தது, பிறகுதான் மெல்ல ஈரம்.

டீசல்வாசம்

அழுத்தமே இல்லாமல் ஓட வடிவமைத்த எஞ்சினுக்கு 0.9 பார் என்றால் மரை, கேஸ்கெட், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோதிப்பதாகிவிடும். பழைய மூடியையே போடுங்கள். கசிவு குறையும், ஆனால் தீராது.

இரண்டு ஸ்டட்டும் ஒரேமாதிரி நடக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். எனக்கென்னவோ இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்று படுகிறது.

மரைகழண்டவன்

நான் நேராக ஹெட்டை இறக்கு கட்சி. ஸ்டட்டை ஒவ்வொன்றாக எடுத்து மரையில் சீலண்ட் (கசிவை அடைக்கும் பூச்சு) தடவுகிறேன் என்று உட்கார்ந்தால், நட்டைத் தளர்த்திய இடத்தில் பழைய கேஸ்கெட்டின் பிடி விடும். பல வருடம் நசுங்கிக் கிடந்தது மறுபடி எழும்பி உட்காராது. ஒரு கசிவை நிறுத்தப் போய் இன்னொன்றை வாங்கி வருவோம்.

லேத்துக்காரர்

மரைகழண்டவன் சொல்வது நியாயமான பயம்தான். ஆனாலும் வார்ப்பிரும்பு ஹெட்டில், ஆறிய எஞ்சினில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்டட் என்று செய்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். முயன்று பார்ப்பதில் நட்டம் இல்லை, கேஸ்கெட் போனால் எப்படியும் இறக்கப் போகிற ஹெட்தானே. அலுமினிய ஹெட் என்றால் நான் இதைச் சொல்லவே மாட்டேன். இரும்பு ஸ்டட்டும் அலுமினியமும் ஈரத்தில் அரித்து ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்டட் திரும்பவே திரும்பாது.

கூலண்டை பிளாக் மேல்தட்டுக்குக் கீழே வரும்வரை வடியுங்கள். ரேடியேட்டர் குழாயை மட்டும் திறந்தால் போதாது, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயையும் திறக்க வேண்டும். அது பெரும்பாலும் சேறு கட்டி அடைத்திருக்கும், கம்பியால் குத்தித் திறவுங்கள்.

நட்டைக் கழற்றியதும் ஸ்டட்டின் தலையில் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிட்டிருந்தால் நல்லது. இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று பூட்டி, கீழ் நட்டில் ஸ்பேனர் வைத்து, முதலில் இறுக்கும் பக்கம் கால் மயிரிழை, பிறகு தளர்த்தும் பக்கம். முன்னும் பின்னுமாகவே போக வேண்டும். ஸ்டட் திரும்பாமல் முறுக்கேறி ரப்பர்போலத் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அதற்கு அடுத்த சத்தம் முறிகிற சத்தம். அந்த நிலையில் சூடு காட்டிவிட்டு, மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் வைத்து உருகவிட்டால் மெழுகு இடுக்குக்குள் இறங்கும். சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வெடித்துவிடும்.

வெளியே வந்ததும் அந்தத் துளைக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு அளந்து பாருங்கள். தடையில்லாமல் ஆழமாகப் போனால் அது ஜாக்கெட்டுக்குள் திறந்த துளை. அடியில் டொக்கென்று நின்றால் மூடிய துளை. இதைப் பார்க்காமல் எதையும் தடவ வேண்டாம்.

மரைகழண்டவன்

மூடிய துளை என்றால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கும்போது ஸ்டட்டைத் திருகினால் திரவம் போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். காற்றடித்து உலர்த்திவிட்டுத்தான் ஸ்டட் போட வேண்டும். கண்ணாடி போடாமல் காற்றடித்தால் கிளைகால் நேரே கண்ணில்தான் வந்து விழும்.

கிரீஸ்கை

சரிண்ணே, மரையில என்ன தடவணும்? டெஃப்லான் டேப் சுத்தலாமா?

லேத்துக்காரர்

டேப் வேண்டாம். அது குழாய் வேலைக்கான பொருள். ஸ்டட்டில் சுற்றினால் மரை அதை அரைத்து நூல்நூலாக்கும், அந்த நூல் ஜாக்கெட்டுக்குள் போய்த் தெர்மோஸ்டாட்டில் சிக்கும். மரையின் இறுக்கமும் கெடும்.

டெஃப்லான் கலந்த, இறுகாத பசை வகை சீலண்ட் நல்லது. அடுத்த தடவை கழற்றும்போதும் இளகி வரும். காற்றுப் படாத இடத்தில் இறுகும் திரவ சீலண்டும் நன்றாக அடைக்கும், ஆனால் மரை துளி எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லாமல் இருக்க வேண்டும், திரும்பக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். சிலிக்கோன் எனக்குப் பிடிக்காது, திருகும்போதே பிதுங்கி வெளியே வந்துவிடும். எதைப் போட்டாலும் அதன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சீலண்ட் பிளாக்குக்குள் போகிற மரையில் மட்டும். நட் போகிற மேல்மரையிலும் வாஷரிலும் எண்ணெய், அல்லது கையேடு சொல்கிற மசகு. ஸ்டட்டைக் கையால் அடிவரை இறக்கினால் போதும், வேறு அளவு கையேட்டில் இருந்தாலொழிய அதை ஸ்பேனர் வைத்து முறுக்கக் கூடாது.

டீசல்வாசம்

லேத்துக்காரர் சொன்னதோடு ஒன்று. ஸ்டட் இருக்கும் எஞ்சினில் டார்க் வைப்பது நட்டில். சீலண்ட் இருப்பது திரும்பாத அடிமரையில். அதனால் டார்க் அளவு மாறாது. ஸ்மால் பிளாக் மாதிரி போல்ட் இருக்கும் எஞ்சினில் கதை வேறு. அங்கே சீலண்ட் தடவிய மரைதான் திரும்புகிறது. நாம் கொடுக்கிற டார்க்கில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியில் உராய்விலும், இன்னொரு பெரும்பங்கு மரை உராய்விலும் போய்விடும். பத்தில் ஒரு பங்கு அளவுதான் போல்ட்டை இழுக்கிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் பிடிப்பு நிறைய மாறும். அதில் எந்த சீலண்டுக்கு எந்த டார்க் என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

தலைமேல் வால்வு எஞ்சின் வைத்திருப்பவர்களும் கேளுங்கள். உள்வரிசை போல்ட்டுகள் ராக்கர் கவருக்கு உள்ளே இருந்தால் கசிவு வெளியே தெரியாது, கூலண்ட் நேராக ஆயிலில் இறங்கும். கூலண்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை என்றால் அங்கே பாருங்கள். கிளைகால் கலந்த ஆயிலில் ஓடினால் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

ஊதுகுழல்

நடு ஸ்டட் வந்துவிட்டது. மெழுகு வேலை செய்தது. கம்பி தடையில்லாமல் உள்ளே போகிறது, ஜாக்கெட்டுக்குள் திறந்த துளைதான். ஸ்டட்டின் இடுப்பில் துரு தின்று பள்ளம் விழுந்திருக்கிறது.

பின்கோடி ஸ்டட் எதிர்பார்த்ததைவிட எளிதாக வந்தது. ஆனால் கம்பி அடியில் முட்டி நிற்கிறது, மூடிய துளை. இருந்தும் உள்ளே பச்சையாகக் கூலண்ட். இது எப்படி?

டீசல்வாசம்

அப்படித்தான் சந்தேகப்பட்டேன். மூடிய துளைக்குள் தண்ணீர் வந்தால் வழி இரண்டுதான். பிளாக்கில் விரிசல், அல்லது பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் துளையிலிருந்து கேஸ்கெட்டின் முகத்தோடு நழுவி வருவது. இரண்டுக்கும் சீலண்ட் பயன்படாது.

லேத்துக்காரர்

ஆமாம், இனிமேல் ஹெட் இறங்கத்தான் வேண்டும். மரைகழண்டவனுக்கு வெற்றி.

இறக்கியதும் சுரண்டுவதற்கு முன்னால் பழைய கேஸ்கெட்டை அப்படியே படம் எடுத்து வையுங்கள். தண்ணீர்த் துளைக்கும் ஸ்டட் துளைக்கும் நடுவில் தடம் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். பிறகு பிளாக்கில் அந்த ஸ்டட் துளையிலிருந்து தண்ணீர்த் துளை, வால்வு சீட் பக்கமாகச் சாயம் ஊடுருவும் சோதனை செய்யுங்கள். பக்க வால்வு எஞ்சினில் விரிசல் விரும்பிப் போகிற பாதை அது. வார்ப்பிரும்பு என்பதால் காந்தத்தூள் சோதனை செய்யும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. விரிசல் இருந்தால் வெல்டிங்குக்கு ஓடாதீர்கள். முழு பிளாக்கையும் சூடாக்காமல் வெல்டு வைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். முளை அடித்துத் தைக்கும் முறை இருக்கிறது, அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஊதுகுழல்

ஹெட் இறங்கியது. சாயத்தில் விரிசல் எதுவும் தெரியவில்லை, காந்தத்தூளிலும் இல்லை. கேஸ்கெட்டில் பின்கோடித் தண்ணீர்த் துளைக்கும் ஸ்டட் துளைக்கும் நடுவே கறுத்த தடம் தெளிவாக இருக்கிறது. ஹெட்டின் முகத்தில் அதே இடம் அரித்துக் குழிகுழியாக இருக்கிறது. நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டதில் நீளவாக்கில் 0.15 மி.மீ. நுழைகிறது. இன்னொன்று, பிளாக்கில் சில ஸ்டட் துளைகளின் வாயைச் சுற்றி விரலில் தட்டுப்படும் மேடு இருக்கிறது.

லேத்துக்காரர்

அந்த மேடு முக்கியம். பல வருட இழுவையில் முதல் மரை மேலே தூக்கிக்கொண்டது. அதன் மேல் கேஸ்கெட் உட்கார்ந்தால் மேட்டைச் சுற்றி அமுங்காத வளையம் ஒன்று நிற்கும், தண்ணீருக்கு அதுவே வழி. துளை வாயை ஒரு மரை அளவுக்குச் சரிவாகச் சீவிவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மரையைச் சுத்தம் செய்ய, மரை வெட்டும் டேப் கருவியைப் போடாதீர்கள், அது உலோகத்தை எடுத்து மரையைத் தளர்த்திவிடும். மரை துலக்கும் டேப் கருவி தனியாகக் கிடைக்கும். கிடைக்கவில்லையா, பழைய ஸ்டட்டின் மரையில் நீளவாக்கில் இரண்டு மூன்று வெட்டுப் போட்டு அதையே திருகி எடுங்கள்.

0.15 நிறையதான். கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். இந்த அளவு ஹெட்டுக்குப் பொதுவாக 0.05 முதல் 0.10 வரைதான் விடுவார்கள். ஃபேசிங் போட வேண்டும், அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்க வேண்டும், குழி போகிற அளவுக்கு மட்டும். பக்க வால்வு எஞ்சினில் வால்வு ஹெட்டின் குழிக்குள்தான் எழும்புகிறது. முகத்தை அதிகம் சீவினால் வால்வு ஹெட்டில் இடிக்கும். வால்வின் மேல் களிமண் உருண்டையை வைத்து, கேஸ்கெட்டோடு ஹெட்டை உட்காரவைத்துக் கையால் சுற்றிவிட்டு, நசுங்கிய களிமண்ணை வெட்டி அதன் தடிமனை அளந்துகொள்ளுங்கள்.

கிரீஸ்கை

மரை போயிருந்தா ஹெலிகாயில் (புது மரைக்காக உள்ள வைக்கிற சுருள் கம்பி) போடலாம்தானே?

லேத்துக்காரர்

மூடிய துளையில் தாராளமாகப் போடலாம். தண்ணீருக்குள் திறந்த துளையில் அந்தச் சுருள் கம்பியின் வெளிப்பக்கமும் தண்ணீருக்கு ஒரு படிக்கட்டு. அங்கே முழுக்குழல் வகை மரை புஷ் போட்டு, அதன் வெளிமரையிலும் சீலண்ட் வைக்க வேண்டும்.

ஊதுகுழல்

எந்த மரையும் போகவில்லை, நல்ல வேளை. ஸ்டட் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா, கெட்டதை மட்டுமா?

மரைகழண்டவன்

எல்லாவற்றையும். இழுபட்ட பழையதும் புதியதும் கலந்தால் பிடிப்பு ஒரே சீராக இருக்காது. கடையில் விற்கிற மரைக்கம்பியை வெட்டிப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம், அது ஹெட்டின் இழுவையைத் தாங்காது. ஹெட் ஸ்டட் என்றே விற்பதை வாங்குங்கள். சிலவற்றில் பிளாக் பக்க மரை பருமனாகவும் நட் பக்க மரை நெருக்கமாகவும் இருக்கும், தலைகீழாகத் திருகிவிடாதீர்கள்.

ஊதுகுழல்

வேலை முடிந்தது. ஃபேசிங், துளை வாய்ச் சீவல், புது ஸ்டட், புது கேஸ்கெட். திறந்த துளை எது, மூடியது எது என்று கம்பி விட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டு, திறந்ததில் மட்டும் பசை சீலண்ட். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டின் வரிசைப்படி மூன்று கட்டமாக டார்க். மூடி பழையதே. களிமண் சோதனையில் வால்வுக்கு இடம் தாராளம். சூடேற்றி ஓட்டிப் பார்த்தேன், எல்லா நட்டும் காய்ந்திருக்கிறது.

மறுபடி டார்க் எப்போது? சூட்டிலா, ஆறிய பிறகா? கிளைகாலிலேயே தொடரலாமா?

டீசல்வாசம்

கையேடு சொன்ன நிலையில். அதில் இல்லையென்றால் கேஸ்கெட் அட்டையோடு வந்த தாளைப் பாருங்கள். நீங்கள் போட்டிருப்பது அமுங்கும் வகை கேஸ்கெட், கட்டாயம் ஒரு தடவையாவது மறு டார்க் வேண்டும். இரண்டிலும் சொல்லவில்லை என்றால், வார்ப்பிரும்பு ஹெட்டில் நான் முழுச் சூடு கண்டு முழுக்க ஆறிய பிறகு வைப்பேன். அதே வரிசையில், ஒவ்வொரு நட்டாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்திவிட்டு ஒரே இழுப்பில் அளவுக்குக் கொண்டு வாருங்கள். தளர்த்தாமல் இறுக்கினால் ஒட்டிக்கிடக்கும் நட் நகராமலே ரெஞ்ச் கிளிக் என்று சொல்லிவிடும். எல்லா நட்டையும் ஒன்றாகத் தளர்த்த வேண்டாம்.

கிளைகாலிலேயே இருங்கள். வெறும் தண்ணீருக்குப் போனால் அதில் துரு தடுக்கும் மருந்து இல்லை, புது ஸ்டட்டும் பழையபடி தின்னப்படும். கலவையை டப்பாவில் போட்டிருக்கும் காலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பார்க்கப் பச்சையாக இருந்தாலும் மருந்து தீர்ந்திருக்கும். ஹோஸ் கிளாம்ப்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள், அடுத்து கசியப்போவது அங்கேதான்.